சம்பந்தி வீட்டு ஹாலில் நான் ரயில் மாதிரி கத்தியது ஏன்?

சிலிபின், ஈப்போ.

பெருமதிப்பிற்குரிய மச்சான் பத்துமலை அவர்களின் சமுகத்திற்கு,

தங்கள் தங்கை சரளாவைக் கைப்பிடித்த நாள் முதலாகத் தங்கள் குடும்பத்தாரின் சிரிப்புக்குக் குறைவில்லாமல் பார்த்துக்கொள்ளும் ஜெயபாலன் வணங்கி எழுதுவது. இங்கு நாங்கள் அனைவரும் சுகம். அங்கு தாங்களும், செல்லாயி அக்காவும், தென்னை மரங்களும், அவற்றில் ஏறி இறங்கும் குரங்குகளும் சுகமாக இருக்க எல்லாம் வல்ல ஆண்டவனை வேண்டுகிறேன். தங்கள் கைத்தொலைபேசி தோப்புக்குப் பக்கத்துப் பாரிட்டு வாய்க்கால் தண்ணீரில் விழுந்து மீன்களுக்குச் சொந்தமாகிவிட்டது என்று கேள்விப்பட்டேன். ஆகவே பேனாவைத் தேடி எடுத்து, அது எழுதுகிறதா என்று உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்து, இக்கடிதத்தைத் தொடங்கியுள்ளேன்.

நிற்க. சென்ற ஞாயிற்றுக்கிழமை, மெங்லெம்புவில் நமக்குச் சம்பந்தியாக வரவிருக்கும் லியோனார்ட் அண்ணன் வீட்டு ஹாலில், பலர் முன்னிலையில் நான் ரயில் மாதிரி கத்தினேன் என்றும், எனக்கு மூளை கலங்கிவிட்டது என்றும் ஒரு செய்தி தெலுக் இந்தான் மீன் பாசார் வரைக்கும் போய், அங்கே ஒரு கிலோ செனாங்கின் மீனோடு சேர்த்துத் தங்கள் கைக்கும் வந்ததாகச் செல்லாயி அக்கா சரளாவிடம் சொன்னார்களாம். மச்சான், அந்தச் செய்தியில் முதல் பாதி உண்மை. கத்தினேன். இரண்டாம் பாதியைத் தாங்களே படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். பெண்ணுக்குத் தாய்மாமன் தாங்கள். நிச்சயதார்த்தத்தில் முதல் நாற்காலி தங்களுடையது. நடந்தது என்னவென்று என் வாயால் தெரிந்துகொள்ள வேண்டிய உரிமை தங்களுக்கு உண்டு.

விஷயம் இதுதான். நம்ம தினேஸ்வரியும் லியோனார்ட் அண்ணன் மகன் அந்தத் தம்பி திமோத்தியும் ஒருத்தரை ஒருத்தர் விரும்புற கதை தங்களுக்குத் தெரியும். கோயிலா சர்ச்சான்னு ஒரு பெரிய போர் வரும்னு நானும் சட்டைக் கையை மடிச்சிக்கிட்டுக் காத்திருந்தேன். ஆனா சரளாவும் திமோத்தி அம்மா ரோசம்மா அக்காவும் ஒரு தட்டு கறிப்பாப் பலகாரம் முடியிறதுக்குள்ள "காலையில கோயில், சாயங்காலம் சர்ச்சு, சாப்பாடு பொது"ன்னு முடிச்சிட்டாங்க. போர் வராம போனதுல எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். மிச்சம் இருந்தது லியோனார்ட் அண்ணன் ஒருத்தர் வாயில இருந்து வர வேண்டிய ஒரு வார்த்தை. அவரோ ரயில்வேயில டீசல் இஞ்சின் ஓட்டி ரிட்டையர் ஆனவர், வார்த்தைக்கு வரி கட்டுற மாதிரி பேசுற மனுசன். "வாங்க"ன்னா "ம்". "சாப்பிட்டீங்களா"ன்னா "ம்". "பொண்ணு பிடிச்சிருக்கா"ன்னு கேட்டதுக்கும் அதே "ம்"தான். அந்த ம்முக்கு என்ன அர்த்தம்னு நாங்க கார்ல சிலிபின் வந்து சேர்ற வரைக்கும் ஆராய்ச்சி பண்ணினோம். சம்மதம்னு நான் சொன்னேன், அஜீரணம்னு சரளா சொன்னா. பின்னால உக்காந்திருந்த தினேஸ்வரி மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா. எங்களுக்கு அவ ஒரே பொண்ணு.

ரெண்டாவது தடவை போனப்பதான் அவர் வாயைத் திறக்க வைக்கிற சாவி எனக்குக் கிடைச்சுது. அவங்க வீட்டுச் சாப்பாட்டு மேசை மேல சாப்பாடே கிடையாது. ஒரு மலை, ஒரு பாலம், ஒரு ஸ்டேசன், சுத்தி வர ஒரு குட்டித் தண்டவாளம். அதுல ஒரு பொம்மை இஞ்சின். நீளம் என் நடுவிரல் அளவு, அகலம் கட்டைவிரல் அளவு. "இவரு ரிட்டையர் ஆனதுல இருந்து நாங்க அடுப்படியில நின்னுக்கிட்டுத்தான் சாப்பிடுறோம்"னு ரோசம்மா அக்கா அழாத குறையா சொன்னாங்க. அண்ணன் பக்கத்துல இருந்த பெட்டியில பித்தானைத் திருகினாரு. இஞ்சின் பூனை மாதிரி சத்தமில்லாம ஓடுச்சு. அதைப் பார்த்துக்கிட்டே, மச்சான், அவர் ஒரு முழு வாக்கியம் பேசினாரு: "சத்தம் இருந்தா நல்லா இருக்கும்." வீட்டுல எல்லாரும் கரண்டியைக் கீழ வச்சிட்டாங்க. சத்தம் போடுற சிப்பும் ஸ்பீக்கரும் வெளிநாட்டுல இருந்து வரவழைச்சு வச்சிருக்காராம். கண்ணுல ஆபரேசன் பண்ணின பிறகு சின்ன ஒயர் தெரியலையாம்.

இந்த இடத்துல ஒரு புத்திசாலி சும்மா இருந்திருப்பான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "குடுங்கண்ணே! நான் ஏர்கோண் ரிப்பேர் பண்றவன். ஒயர் எல்லாம் நமக்கு நூடல்ஸ் மாதிரி லா." சரளா மேசைக்கு அடியில என் தொடையைக் கிள்ளினா. அந்தத் தடம் இன்னும் இருக்கு, வந்தா காட்டுறேன். அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தாரு. "செஞ்சு கொண்டாங்க. கேட்டுட்டுத் தேதி பேசலாம்"னாரு. தினேஸ்வரி என்னைப் பார்த்தா பாருங்க ஒரு பார்வை! அப்பா கையில என் கல்யாணம் மாட்டிக்கிச்சேங்கிற பார்வை. ஏர்கோண் ரிப்பேர் பண்ணப் போன ஒரு வீட்டுல நான் ஃபேனைக் கழட்டிட்டு வந்த கதை அவளுக்குத் தெரியும்.

ரோசம்மா அக்கா இஞ்சினை ஒரு டப்பாவுல பஞ்சு வச்சுக் குழந்தையைக் குடுக்கிற மாதிரி குடுத்தாங்க. சிப்பு, ஸ்பீக்கரோட, ஓட்டிப் பார்க்கக் கொஞ்சம் தண்டவாளமும் இன்னொரு பித்தான் பெட்டியும் அண்ணன் குடுத்தாரு. அதோட தத்துவத்தையும் சொல்லிக் குடுத்தாரு. முன்ன மாதிரி கரண்டைக் கூட்டினா ஓடும், குறைச்சா நிக்கும்னு இல்லையாம். இது டிஜிட்டலாம். தண்டவாளத்துல கரண்டோட சேர்ந்து கட்டளையும் ஓடும். இஞ்சினுக்குள்ள இருக்கிற சிப்பு அதைக் கேட்டுக்கிட்டு, ஓடுன்னா ஓடும், நில்லுன்னா நிக்கும், ஹாரன் அடின்னா அடிக்கும், தானா எதையும் செய்யாது. "இந்தச் சிப்பை உங்களுக்கு வைக்க முடியுமான்னு கேளுங்க"ன்னு சரளா என்கிட்டயே சொல்றா.

வீட்டுக்கு வந்து மூடியைக் கழட்டிப் பார்த்தா, உள்ள எள்ளு போட இடமில்ல மச்சான்! முழுக்க இரும்பு. அந்த கனம் இருந்தாதான் சக்கரம் வழுக்காதாம். சிப்பு ஒரு புளியங்கொட்டை அளவு, ஸ்பீக்கர் ஒரு கற்கண்டு அளவு, அது ரெண்டையும் எங்க வைக்கிறது? இரும்பைத்தான் குறைக்கணும். அரத்தை வச்சு அழகா ராவியிருக்கலாம். நான் ஒர்க்சாப்புல இருக்கிற கிரைண்டரை எடுத்தேன். ஒரே உரசுதான். சம்பந்தியோட இஞ்சினுக்குப் பின்பக்கமே காணாம போச்சு. அப்புறம் தூண்டில் ஈயக் குண்டை நசுக்கி அங்கங்க ஒட்டி எடையைச் சரிக்கட்டினேன். தலைமயிர் மாதிரி ஒயருங்க. சிவப்பும் கருப்பும் சக்கரத்துக்கு, ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு. மோட்டார் இரும்பு உடம்பைத் தொட்டுச்சுன்னா சிப்பு அந்த இடத்துலயே செத்துப் போகும்னு அண்ணன் சொல்லியிருந்ததால, மோட்டாருக்கு மஞ்சள் டேப்பைச் சுத்திச் சுத்தி, பிரசவமான பொம்பளைக்கு வயித்துல துணி கட்டின மாதிரி கட்டிவிட்டேன். முதல் ஓட்டம் சமையல் மேடை மேல. முன்னால போன்னா பின்னால போயி, சரளா இடிச்சு வச்சிருந்த சம்பால் பெலாச்சான் துவையலுக்குள்ள முட்டிக்கிட்டு நின்னுச்சு. ஆரஞ்சையும் சாம்பலையும் மாத்திப்புட்டேன். "ரயிலுக்கும் உப்பு ஒரப்பு தேவைப்படுது போல"ன்னா உங்க தங்கச்சி. அவளுக்கு இந்த நக்கல் எந்தப் பக்கத்துல இருந்து வந்துச்சுன்னு நான் கேக்க மாட்டேன்.

அடுத்தது ஸ்பீக்கர். மாட்டிப் பார்த்தா கொசு காதுகிட்ட பாடுற மாதிரி ஒரு முனகல். அலாமா, இதுக்கா இவ்வளவு பாடுன்னு ஆயிருச்சு. அண்ணனுக்குப் போன் போட்டுக் கேட்டேன். "பின்னால பெட்டி வேணும். காத்து அடைக்கணும்"னு ரெண்டு வாக்கியம் சொல்லிட்டு வச்சிட்டாரு. வீட்டுல அந்த அளவுக்குப் பெட்டி எங்க? கடைசியில என் சட்டைப்பையில இருக்கிற தைல பாட்டில், அதான் தலைவலிக்குத் தடவுறது, அதோட மூடியை வெட்டி ஒட்டினேன். ஒட்டிட்டுப் பித்தானைத் திருகினேன் பாருங்க... குர்ர்ர்ர்ர்ர்ன்னு ஒரு உறுமல்! அடிவயித்துல இருந்து வந்துச்சு மச்சான். இஞ்சின் நின்ன இடத்துல நின்னுக்கிட்டே மூச்சு வாங்குது. இன்னும் கொஞ்சம் திருகினா உறுமல் ஏறுது, அப்புறம்தான் சக்கரம் உருளுது, நிஜ ரயில் மாதிரியே! ஹாரன் அடிச்சா பக்கத்து வீட்டு புஷ்பலதா "யாரு வீட்டுக்கு லாரி வந்திருக்கு?"ன்னு எட்டிப் பார்க்குறா. நடுவிரல் அளவு சாமான்! வாசமும் உண்டு, தைல வாசம். தினேஸ்வரி ஓடி வந்து என் கழுத்தைக் கட்டிக்கிட்டா. "பா, நீங்க செஞ்சிட்டீங்கபா!"ன்னா. அந்த "செஞ்சிட்டீங்கபா"வுல கொஞ்சம் ஆச்சரியம் அதிகமாத்தான் இருந்துச்சு, இருந்தாலும் சந்தோசமா வாங்கிக்கிட்டேன்.

அங்கயே நிறுத்தியிருக்கணும். ஆனா மறுநாள் வெள்ளிக்கிழமை. உங்க தங்கச்சி தலைக்குக் குளிச்சிட்டு வந்து நிக்கிறா. "நல்ல காரியத்துக்குப் போற வண்டி. எலுமிச்சம்பழம் வைக்காம எப்படிங்க?"

"இது வண்டி இல்லம்மா, விளையாட்டுச் சாமான்."

"சக்கரம் இருக்கா?"

"இருக்கு."

"அப்ப வண்டிதான். நீங்க அந்தப் பழைய வேனுக்குப் பூசை போடாம எடுத்துட்டுப் போயி, கம்பார் ரோட்டுல மாட்டு மேல விட்டது மறந்துபோச்சா?"

மாட்டு மேல விட்டது உண்மை.  பூசை ஆரம்பமாச்சு. எலுமிச்சம்பழத்தைக் கொண்டாந்து பக்கத்துல வச்சா, பழம் இஞ்சினை விடப் பெருசு! அதை நசுக்கணும்னா இஞ்சின் முதல்ல ஏணி வச்சு ஏறணும். சரளா அசரல. புஷ்பலதா வீட்டுப் பூச்சட்டியில காய்ச்சிருந்த குட்டி எலுமிச்சை லிமாவ் கஸ்தூரியைப் பறிச்சிட்டு வந்தா. அதுவும் பெருசு. கத்தியை எடுத்து, அதைச் சீவிச் சீவி, சாறு சொட்டச் சொட்ட ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு துண்டு வச்சா. இஞ்சின் கூரையில சந்தனம், அது மேல குங்குமம். அந்தக் கூரையில சன்னமா ஒரு கம்பி வலை இருக்கு, அதுக்குக் கீழதான் நம்ம ஸ்பீக்கர் குடியிருக்குன்னு நான் சொல்லி முடிக்கிறதுக்குள்ள குங்குமம் உள்ள போயிருச்சு. சூடம் காட்டினா. மூடி பிளாஸ்டிக்கு, உருகிடும்னு நான் ஒரு பக்கம் தட்டை இழுக்க, அவ ஒரு பக்கம் இழுக்க, "ஓட்டுங்க, சாமி பேரைச் சொல்லி ஓட்டுங்க"ன்னா. நானும் முருகான்னு திருகினேன். சக்கரம் புளிப்பு மேல ஏறுச்சு. தண்டவாளம் ரெண்டுக்கும் நடுவுல சாறு ஓடுச்சு. 'டிஸ்'ஸுன்னு ஒரு சின்னச் சத்தம். அப்புறம் ஹாரன், சேவலைக் கழுத்தைப் பிடிச்ச மாதிரி, ஒரே ஒரு தடவை. அவ்வளவுதான். இஞ்சின் ஓடுது. ஆனா ஊமையாகிப் போச்சு.

சரளா என்னைப் பார்த்தா. நான் சரளாவைப் பார்த்தேன். தினேஸ்வரி கதவுகிட்ட நின்னு ரெண்டு பேரையும் பார்த்தா. நல்லாத் துடைச்சு, அரிசி டின்னுக்குள்ள புதைச்சு வச்சோம், ஈரத்தை இழுத்துக்கும்னு. ஞாயிற்றுக்கிழமை தோண்டி எடுத்தா ஈரம் போயிருந்துச்சு, சத்தம் வரல. வேற சிப்பு வாங்க நேரமில்ல. போகாம இருக்கலாம்னா, தேதி? அவர் கேட்டுட்டுத்தான் பேசலாம்னு சொல்லியிருக்காரே. "பரவால்லபா, உண்மையைச் சொல்லிடலாம்"னு புள்ள சொன்னா. சொல்லிட்டாலும், வாயால ஒரு வேலையை வாங்கிட்டுக் கையால கெடுத்தவன் மகள்னு தானே அந்த வீட்டுக்குள்ள அவ காலை வைக்கணும்? 

போனோம். அண்ணன் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு, தலைக்குத் தண்ணி தடவிச் சீவி, மேசை முன்னால உக்காந்திருக்காரு. ரோசம்மா அக்கா, திமோத்தி, அவன் அக்கா ஆட்ரி, எல்லாரும் சுத்தி நிக்கிறாங்க. ஆட்ரி கையில கைத்தொலைபேசி, படம் பிடிக்க ரெடி. நான் இஞ்சினைத் தண்டவாளத்துல வச்சேன். அண்ணன் முகர்ந்து பார்த்து, "தைலம்?"னாரு. "டீசலுக்குப் பதிலா, அண்ணே"ன்னேன். யாரும் சிரிக்கல. அவர் பித்தானைத் திருகினாரு. இஞ்சின் நகர்ந்துச்சு. ஸ்டேசனைத் தாண்டுச்சு. எல்லாரும் காதைத் தீட்டிக்கிட்டுக் குனியிறாங்க. அண்ணன் முகத்துல, பாலுக்குக் காத்திருக்கிற குழந்தை மாதிரி ஒரு ஆசை மச்சான், அதைப் பார்த்தேன் பாருங்க, என்ன நடந்துச்சுன்னு எனக்கே தெரியாது. என் வயித்துக்குள்ள இருந்து "குர்ர்ர்ர்ர்ர்"ன்னு வந்துருச்சு. வாய் மூடித்தான் இருந்துச்சு. ஆனா ஐம்பது வயசு தாண்டின ஆளு எவ்வளவு நேரம் மூச்சைப் பிடிப்பான்? பாலத்துகிட்ட மூச்சு வாங்கினேன். இஞ்சின் சத்தமும் நின்னுச்சு. வேற வழியில்லாம வாயைத் திறந்தே "குர்ர்ர்"ன்னேன். வளைவு வந்துச்சு. ஹாரன் அடிக்கணுமே! "பாஆஆம்!"

  திமோத்தி வாயைப் பொத்திக்கிட்டான். என் பொண்ணு கண்ணை மூடிக்கிட்டா. அண்ணன் மெல்ல என் பக்கம் திரும்பினாரு.

"அது இஞ்சின் இல்ல. தண்ணி பம்பு"ன்னாரு.

"அண்ணே, மன்னிச்சிருங்க, வந்து..."

"இருங்க." சட்டைக் காலரைத் தளர்த்தினாரு, நெஞ்சை நிமித்தினாரு. "இதுதான்"னு சொல்லிட்டு, மச்சான், அந்த ஊமை மனுசன் தொண்டையில இருந்து ஒரு டீசல் இஞ்சின் புறப்பட்டுச்சு! "டுடுடுடுடு"ன்னு கீழ ஒரு தாளம், மேல ஒரு விசில், பிரேக் பிடிக்கிறப்ப "க்ரீஈஈச்"சுன்னு பல்லு கூசுற மாதிரி ஒரு இழுப்பு. கண்ணாடி அலமாரியில பீங்கான் மங்கு எல்லாம் ஆடுது. "நீங்க இஞ்சின் பண்ணுங்க, ஹாரன் நான்"னாரு. அப்புறம் "இல்ல, ஹாரன் நீங்க"ன்னாரு. ஒரு சுத்து, ரெண்டு சுத்து, ஈப்போவுல இருந்து நாங்க ரெண்டு பேரும் எங்கெங்க போனோம்னு தெரியாது. எனக்கு இருமல் வந்துச்சு, அவர் அதையும் சரக்கு ரயில் மாதிரி இருக்குன்னு சேர்த்துக்கிட்டாரு. ரோசம்மா அக்கா தலைமேல கையை வச்சிக்கிட்டு, "இந்த மனுசன் என்கிட்ட இவ்வளவு நேரம் பேசினதே இல்லையே!"ன்னு சிரிக்கிறாங்க, அழுவுறாங்க. ஆட்ரி எடுத்த வீடியோதான் தெலுக் இந்தான் வரைக்கும் ஓடினது. அதுல பாதியில இருந்துதான் இருக்காம், நான் கத்துறது மட்டும். அண்ணன் கத்துறதை அவ வெட்டிட்டா. பெத்த அப்பாங்கிற மரியாதை.

எல்லாம் அடங்கின பிறகு சரளா முன்னால வந்து, "அண்ணே, அவர் மேல தப்பு இல்ல. நல்லா உறுமுச்சு. நான்தான் பூசை போட்டு லிமாவ் வச்சுக் கெடுத்துட்டேன்"னு உண்மையைப் போட்டு உடைச்சா. உடனே ரோசம்மா அக்கா, "ஐயோ, நானும் குடுத்து விடுறப்பவே அது மேல சர்ச்சுத் தீர்த்தம் தெளிச்சேனே! டப்பாவுல பஞ்சு ஏன் ஈரமா இருந்துச்சுன்னு நீங்க கேக்கலையா?"ன்னாங்க. அண்ணன் ரெண்டு பேரையும் பார்த்தாரு, இஞ்சினைப் பார்த்தாரு. "ரெண்டு பக்கமும் ஆசீர்வாதம். அது என்ன செய்யும் பாவம்"னாரு. அப்புறம் என் கையைப் பிடிச்சு, "சம்பந்தி"ன்னாரு மச்சான்! முதல் தடவை! "ஜூன் மாசம், ரெண்டாவது ஞாயிறு. நிச்சயம் வச்சுக்கலாம்"னாரு. தினேஸ்வரி அழுதா. நானும் அழுதேன்னு சரளா சொல்றா, அது தைலம்.

ஆகவே மச்சான் அவர்களே, எனக்கு மூளை கலங்கவில்லை. ஒரு தகப்பன் தன் மகளுக்காக என்ன செய்ய வேண்டுமோ அதைத் தொண்டையால் செய்தேன். ஒரு கல்யாணத்தையே கத்தி முடித்து வைத்த முதல் ஆள் இந்தப் பேராக் மாநிலத்தில் நானாகத்தான் இருக்கும். தாங்களும் செல்லாயி அக்காவும் குடும்ப சமேதராய் முதல் நாளே வந்திருந்து, தாய்மாமன் சீரோடும், முடிந்தால் ஒரு மூட்டை இளநீரோடும், விழாவை நடத்தித் தர வேண்டும். தங்கள் மரங்கள் தலை நிறையக் காய்க்கவும், குரங்குகள் பக்கத்துத் தோப்புக்குப் போகவும், தங்கள் இல்லத்தில் என்றும் மங்களம் நிறையவும் பிரார்த்திக்கும்,

தங்கள் அன்பு மைத்துனன்,
ஜெயபாலன்.

பின்குறிப்பு: உறையை ஒட்ட எச்சில் தொட்டு வச்சிருந்தப்ப தினேஸ்வரி வந்து, "யாருக்குபா கடிதம்?"னா. சொன்னேன். வாங்கிப் படிச்சா. படிச்சிட்டு உக்காந்துட்டா. "பா, கோவிச்சுக்காதீங்க. நாங்க ஜனவரியிலேயே கல்யாணத்தைப் பதிவு பண்ணிட்டோம். புது வீட்டுக்கு மனு போட அது வேணும்னாங்க. திமோத்தி அப்பாவுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரிஞ்சா சிலிபின் முழுக்கத் தெரிஞ்சிரும்னு சொல்லல"ன்னா.  உடனே சம்பந்திக்குப் போன் போட்டு, "அப்புறம் ஏன் கேட்டுட்டுத் தேதி பேசலாம்னீங்க?"ன்னு கேட்டேன். அவர், "சும்மா கேட்டா செஞ்சு குடுப்பீங்களா?"ன்னாரு. பதிவுக்கு ரெண்டு சாட்சி வேணுமாம். ஒண்ணு அவர். இன்னொண்ணு யாருன்னு புள்ளைகிட்ட கேட்டேன். மச்சான், ஜனவரியில பல்லு பிடுங்கணும்னு ஈப்போ வந்தீங்களே. கன்னம் வீங்கலையே, மத்தியானம் வறுத்த கோழியை எலும்போட கடிக்கிறாரேன்னு நான் அன்னைக்கே சரளாகிட்ட சொன்னேன். அவ எனக்கு இன்னும் ரெண்டு கரண்டி பாயாசம் ஊத்தி வாயை அடைச்சா. பரவாயில்ல. நிச்சயத்துக்கு ஒண்ணும் தெரியாத மாதிரி வாங்க. நானும் ஒண்ணும் தெரியாத மாதிரி வாசல்ல நின்னு, தாய்மாமனுக்கு என் கையாலயே ரெண்டு கன்னத்துலயும் சந்தனம் பூசுறேன். நல்லா அழுத்திப் பூசுவேன். எந்தப் பக்கத்துப் பல்லுன்னு அப்பப் பார்த்துக்கலாம்.